ஆறாம் எபிசோடில் திரும்பிப் பார்த்தவர்

பெங்களூர் மர்பி டவுனில் ஆம்ப்ரோஸ் தெருவில் போகிறார் என்றால், சற்று நேரத்தில் மௌரீனும் அதே வழியாக வருவாள் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் கோயில் கேட்டைத் தாண்டும்போது அவள் இன்னும் கோழிக்கடை முனையில் இருப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, பஸ் கிளம்பிவிடும் என்பதுபோல் அவர் பாட்டுக்கு நடப்பார். பின்னால் மௌரீன் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வருவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ‘காலைத் தூக்கி வையடி’ என்று பெற்றவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நடை. அந்தச் சரக் சரக் சத்தத்தைக் கேட்டே பூசைக்கு நேரமாகிவிட்டது என்று தெருக்காரர்கள் அவசர அவசரமாகத் தலை வாருவார்கள்.

ஆம்ப்ரோஸ் திரும்பிப் பார்க்கவே மாட்டார். “நான் பள்ளத்துல விழுந்தாலும் இவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போயி ஃபேனைப் போட்டுக்கிட்டு, காபி எங்கன்னு கேப்பாரு” என்று மௌரீன் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். முப்பது வருஷமாக ஒரே விஷயத்தை ஒருத்தி சொல்லிச் சிரிக்கிறாள் என்றால் அது சிரிப்பா என்ன? கேட்கிறவர்களுக்கும் தெரியும். ஆம்ப்ரோஸுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதை ஊர் உலகமெல்லாம் பார்த்தது. பார்த்ததோடு விட்டார்களா? நிறுத்தி, பெரிதாக்கி, மெதுவாக ஓட்டி, ஏன் திரும்பினார், யாரைப் பார்த்தார் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

ஆம்ப்ரோஸ் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பட்டறையை இடித்து அந்த இடத்தில் அபார்ட்மெண்ட் எழும்பியபோது, அவர் பூசைக்குப் போகும் அதே கோயில் பங்கைச் சேர்ந்த கிளெமென்ட் அவரை ஷூட்டிங்குக்குக் கூட்டிப் போனான். கிளெமென்ட், சினிமாக்காரர்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிற ஏஜென்ட். கோர்ட் காட்சிக்கு வராந்தாவில் உட்கார ஆள், கல்யாணக் காட்சிக்குப் பந்தியில் சாப்பிட ஆள், சாவு வீட்டுக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க ஆள் எல்லாம் அவனிடம் கிடைக்கும். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்று அதற்கு மரியாதையாக ஒரு பெயர். முதலில் கூச்சப்பட்டுக்கொண்டு போன ஆம்ப்ரோஸுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. கூட்டத்தில் நிற்கிறவன் முகம் பார்க்கிறவனுக்கு ஞாபகம் இருந்தால், தப்பு நின்றவன் பேரில்தான் என்பது அவர் கட்சி. கேமரா இருக்கும் பக்கம் அவர் கண் போகவே போகாது. ஹீரோ அழுதாலும் சரி, பக்கத்தில் குண்டு வெடித்தாலும் சரி, நடக்கச் சொன்ன திசையில் நடந்துகொண்டே இருப்பார்.

மௌரீன் டிவி முன்னால் உட்கார்ந்து அவரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “நிஜமாவே ஷூட்டிங்குக்குத்தான் போறீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். அதை அவர் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

‘ஒன்பதாம் கப்பல்’ என்று ஒரு வெப் சீரிஸ் வந்தது. பெங்களூரிலேயே கன்னடத்தில் எடுத்துத் தமிழிலும் பேச வைத்தார்கள். கதை இதுதான்: பூமியில் தண்ணீர் வற்றிவிட்டது. எட்டுக் கப்பல்கள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வேறு கிரகத்துக்குப் போய்விட்டன. ஒன்பதாவதுதான் கடைசி. உடம்புப் பரிசோதனையில் தேறியவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். ஆனேக்கல் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலை ஷெட்டைப் பிடித்து, தகரமும் தெர்மாகோலும் அடித்து, வெள்ளி பெயிண்ட் பூசி அதைக் கப்பல் நிற்கும் இடமாக ஆக்கியிருந்தார்கள்.

இரண்டாம் எபிசோடில் ஆம்ப்ரோஸ் காவல்காரர். கொள்ளைக்காரர்கள் சுடுவார்கள், அவர் விழுந்து சாக வேண்டும். கொடுத்த ஹெல்மெட் அவர் தலைக்குப் பெரிது. விழுந்த வேகத்தில் அது கழன்று உருண்டு ஓட, முகம் முழுசாகத் தெரிந்துவிட்டது. டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். ஆம்ப்ரோஸுக்குத்தான் மனசு சரியில்லை. செத்தாலும் இப்படிப் பளிச்சென்று சாகக்கூடாது என்று வீட்டில் முணுமுணுத்தார்.

சில மாதம் கழித்து ஆறாம் எபிசோடுக்குக் கூட்டம் தேவைப்பட்டது. தேறிய ஜனங்கள் கப்பலுக்கு இறங்கிப் போகிற காட்சி. அந்த வாரம் வேறு எங்கோ பெரிய படத்துக்கு ஆட்கள் போய்விட்டதால் கிளெமென்ட் கையைப் பிசைந்தான். செத்தவரையே மறுபடி கூப்பிட்டான். “தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுங்கண்ணா. இவ்ளோ பேர்ல உங்களை யாரு கண்டுபிடிக்கப் போறா?” பொம்பளை ஆட்களும் குறைவு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றான்.

மௌரீன் வருஷக்கணக்கில் கார்மெண்ட்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்து வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள். இருந்தாலும் ஆசையாகப் புறப்பட்டுவிட்டாள். இந்த மனுஷன் என்னதான் செய்கிறார் என்று ஒருநாளாவது நேரில் பார்க்க வேண்டாமா? அங்கே எல்லோருக்கும் வெள்ளிக் கோட்டு மாட்டிவிட்டார்கள். மைக்கில் காலடிச் சத்தம் விழக்கூடாது என்று அடியில் பஞ்சு வைத்த துணி ஷூ. மௌரீன் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, டிபன் பாக்ஸுக்கு ஃபாயில்ல சுத்தின சப்பாத்தி மாதிரி இருக்கிறேன் என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

கப்பல் கீழே நிற்பதாக ஏற்பாடு. இறங்குவதற்கு நீளமாக ஓர் இரும்புச் சரிவு. கேமரா மேலே, கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது. ஜனங்களின் முதுகு மட்டும்தான் தெரிய வேண்டும். ஆம்ப்ரோஸ் முன்னால், மௌரீன் எங்கோ பின்னால். ஆக்‌ஷன் என்றார்கள். எல்லோரும் இறங்கினார்கள். சரிவில் பாதி தூரம் போன ஆம்ப்ரோஸ், இத்தனை வருஷக் கொள்கையையும் காற்றில் விட்டுவிட்டு, நின்றார். திரும்பினார். மௌரீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி, காலைச் சாய்த்துச் சாய்த்து இறங்கிக்கொண்டிருந்தாள். வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் மறுபடி நடந்தார். அவ்வளவுதான். அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஓகே சொல்லி, தயிர் சாதப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சீரிஸ் வெளியானதும் பிடித்தது வினை. அதைக் கொண்டாடுகிறவர்கள் ‘கப்பல்காரங்க’ என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி, ஐடி கம்பெனியில் வேலை பார்த்த கிஷோர் என்ற திருவண்ணாமலைப் பையன்தான் அதற்குத் தலைவன் மாதிரி. குழுவில் இரண்டு கட்சி. படத்தில் எது தெரிந்தாலும் அதற்குக் கதையில் ஒரு காரணம் இருக்கும் என்பது கிஷோர் கட்சி. எது தெரிந்தாலும் அதற்குக் காரணம் பட்ஜெட் என்பது சீனிவாசராகவன் கட்சி. இவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நரைத்த மீசையோடு பையன்களுக்குச் சமமாக மல்லுக்கு நிற்பார். தண்ணீரே இல்லாத உலகத்தில் கேப்டன் எப்படி தினமும் ஷேவ் செய்கிறார் என்று ஒருவர் கேட்பார். எடையே இல்லாத அறையில் டீ எப்படி டம்ளரிலேயே நிற்கிறது என்று இன்னொருவர் கேட்பார். கிஷோர் கப்பலின் சுழற்சி வேகத்தையெல்லாம் கணக்குப் போட்டு விளக்குவான். சீனிவாசராகவன் ஒரே வரியில், டீயை மிதக்க வைக்கக் கம்ப்யூட்டர்காரனுக்குக் காசு கொடுக்கணும் தம்பி, என்று முடித்துவிடுவார்.

இப்படிப்பட்டவர்கள் கண்ணில், இரண்டாம் எபிசோடில் செத்த காவல்காரன் ஆறாம் எபிசோடில் உயிரோடு இறங்கிப் போவது படாமல் இருக்குமா? பட்டது. அதிலும் நின்று, திரும்பி, முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறான். கிஷோருக்குத் தூக்கம் போனது. அவன் சாகவே இல்லை, அவனைப் போல இன்னொருவனை உருவாக்கியிருக்கிறார்கள், அவன்தான் கப்பலைக் கவிழ்க்கப் போகிறான் என்று ஒரு தியரி எழுதினான். சக்கத், பிரமாதம் என்று கன்னடப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். சீனிவாசராகவன் மட்டும் ஆள் பஞ்சம் என்று ஒற்றை வரி போட்டார். ஆள் பஞ்சம் என்றால் சும்மா போயிருப்பானே, ஏன் திரும்புகிறான், அந்தக் கண்ணைப் பாருங்கள், யாரையோ தேடுகிறது என்றான் கிஷோர். சீனிவாசராகவன் பேச்சை மறுபடி டீ டம்ளருக்குத் திருப்பிவிட்டார். ‘திரும்பிப் பார்த்தவர்’ என்றே ஆம்ப்ரோஸுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊரே கொண்டாடுகிறபோது இந்தப் பக்கம் அடுப்பில் பூனை தூங்கியது. கிளெமென்ட் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். தேடிக்கொண்டு போனபோது முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “முகம் பதிஞ்சுபோச்சுண்ணா. எந்தக் கூட்டத்துல நிறுத்தினாலும், டேய் இவருதான்டான்னு காட்டுறானுங்க. நான் என்ன பண்ணட்டும்?” அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் ஆம்ப்ரோஸை அறுத்தது.

மௌரீனுக்குக் கோபம். அவள் அன்றைக்குக் கீழே பார்த்து நடந்தவள். அவர் திரும்பியதைப் பார்க்கவில்லை. பிற்பாடு டிவியில் பார்த்தபோது, கேமராவைப் பார்த்து நேராக முகத்தைக் காட்டுகிறார். அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? வயசான காலத்தில் முகத்தைக் காட்டுகிற ஆசை வந்துவிட்டது, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துக்கொண்டார் என்று முடிவு கட்டினாள். “நாலு பேரு பாக்கணும்னு ஆசை. பாத்துட்டாங்க, திருப்தியா?” என்று ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஆம்ப்ரோஸ் பேப்பரைப் புரட்டினார்.

சொல்லியிருக்கலாம். உன்னைத்தான் பார்த்தேன் என்று ஒரு வாக்கியம். ஆனால் சொன்னால் அதற்கு அடுத்த வாக்கியம் என்ன? உன் முழங்காலால்தான் என் வேலை போனது என்று ஆகிவிடாதா? அவள் ராத்திரியெல்லாம் அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து அழுவாள். அதைவிட இவரை ஆசைக்காரன் என்று நினைத்துக்கொண்டு போகட்டும். இன்னொன்றும் இருந்தது. முப்பது வருஷம் ஒரு தடவைகூடப் பேசாத மாதிரியான பேச்சை ஒரு மனுஷன் எந்த இடத்தில் தொடங்குவது? அவருக்கு அது வரவில்லை.

இந்த நிலைமையில்தான் கிஷோர் அவரை அல்சூர் மார்க்கெட்டில், கருவேப்பிலைக்காரியிடம் கொசுறு கேட்டுக்கொண்டு நின்றபோது கண்டுபிடித்தான். அங்கிள், அங்கிள் என்று கையைப் பிடித்துக்கொண்டவன் விடவே இல்லை. ஈஜிபுராவில் கப்பல்காரங்க எல்லோரும் கூடுகிறோம், நீங்கள் கட்டாயம் வரணும் என்று போன் நம்பர் வாங்கிக்கொண்டான். அதற்கு அடுத்த நாள் சீரிஸ் எடுத்த கம்பெனியிலிருந்து அனன்யா என்ற பெண் பேசினாள். எழுதுகிறவர்களுக்கு ரசிகர்களின் தியரி மிகவும் பிடித்துவிட்டதாம். இரண்டாம் சீசனில் திரும்பிப் பார்த்தவருக்குப் பெயர், வசனம், ஐந்து எபிசோட். எல்லாம் நாங்கள் முதலிலேயே திட்டமிட்டதுதான் என்று இருக்க வேண்டும். அதனால் கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும், அடுத்த சீசனில் பாருங்கள் என்று சிரித்துவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். நல்ல பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மௌரீன் சொல்லவே சொன்னாள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். வசனம் பேசும்போது தாடையை இழுக்காதீர்கள் என்று பாடம் சொன்னாள். ஆசைப்பட்டு முகத்தைக் காட்டியதும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று என்றாள். ஆம்ப்ரோஸ் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். மறுபடி கேமரா முன்னால் நிற்கலாம், வீட்டில் சண்டை இருக்காது. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். அதற்கு மேல் யோசிக்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஈஜிபுராவில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழக்கம்போல் அவர் முன்னால், அவள் பின்னால். ஒரு ஹோட்டலுக்கு மேல் மாடியில் ஹால். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஆம்ப்ரோஸை மேடைபோல் போட்டிருந்த பலகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கை தட்டினார்கள். மௌரீன் கடைசிக்கு முந்தின வரிசையில், யாருக்கும் தன்னை இன்னார் என்று சொல்லாமல் உட்கார்ந்தாள். அனன்யா சுவரோரம் கையில் போனோடு நின்றாள்.

கிஷோர் திரையில் அந்தக் காட்சியை நிறுத்தினான். சரிவு, வெள்ளிக் கோட்டுகளின் முதுகுகள், நடுவில் ஆம்ப்ரோஸின் முகம். அந்த முகத்தை ஆம்ப்ரோஸ் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததே இல்லை. கிஷோர் கண்ணின் கோணத்தை விளக்கினான், நின்ற நேரத்தை விளக்கினான். இந்தப் பார்வை தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் இந்த ஊரைவிட்டே போய்விடுகிறேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும் சிரித்தார். அடுத்த சீசனில் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் சீனிவாசராகவன் எழுந்துவிட்டார். தோற்கிற கட்சிக்காரருக்கு உண்டான வேகம். இவரைக்கூட விட்டுவிடுகிறேன், திட்டமிட்டுத்தான் திருப்பினார்கள் என்றே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே திரைக்குப் பக்கத்தில் போனார். முதுகு காட்டி, ஒரு பக்கம் சாய்ந்து இறங்கும் உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

“இந்தம்மாவைப் பாருங்க. உடம்பு டெஸ்ட்ல பாஸானவங்கதான் கப்பல்ல ஏற முடியும். இங்க ஒரு அம்மா நொண்டிக்கிட்டே இறங்குறாங்க. இதுக்கு என்ன தியரி சொல்லப்போறீங்க? இந்த சீரிஸ்லயே பெரிய ஓட்டை இவங்கதான்.”

ஹால் இடிந்துவிழச் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. நல்ல பாயிண்ட் விழுந்தால் சிரிக்கிற சிரிப்பு. கிஷோரே தலையைச் சொறிந்துகொண்டு, உண்மைதான் சார், எடிட்டிங்கிலாவது அவங்களைத் தூக்கியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டான். இருக்கிற தியரியெல்லாம் அந்த ஒரு அம்மாவால் கெடுகிறது என்று இன்னொருவன் சொன்னான்.

ஆம்ப்ரோஸ் மௌரீனைப் பார்த்தார். எப்போதும் முதுகுக்குப் பின்னால் வருகிறவள், அன்றைக்கு அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பார்க்காமல் இருக்க வழியில்லை. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே சேலைத் தலைப்பை இழுத்து வலது முழங்காலின் மேல் போட்டு, அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். தான் செய்த தப்புக்கு அவள் காலை மூடிக்கொள்கிறாளே என்று ஆம்ப்ரோஸுக்கு வெட்கமாக இருந்தது.

மைக்கை எடுத்தார். அது கிர்ரென்று கத்தியது. கிஷோர் ஓடிவந்து சரிசெய்து கொடுத்தான்.

“அது என் சம்சாரம்” என்றார்.

ஹாலில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“பின்னால வந்துக்கிட்டு இருந்தா. சரிவுல இறங்கினா அவளுக்கு முட்டி வலிக்கும். இறங்கிட்டாளான்னு திரும்பிப் பாத்தேன். அவ்ளோதான் சார், வேற ஒண்ணும் இல்ல. நான் செத்தவன், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருக்கணும்.” சீனிவாசராகவனைப் பார்த்தார். “ஓட்டை அவ இல்ல சார். அவ நடக்கச் சொன்ன மாதிரி ஒழுங்கா நடந்தா, கேமராவைப் பாக்கல, நிக்கல. தப்பு பண்ணது நான்.”

சுவரோரம் அனன்யா கண்ணை மூடித் திறந்தாள். சீனிவாசராகவன் விரலைத் திரையிலிருந்து எடுத்தார். ஜெயித்த கட்சி அவருடையதுதான். ஆள் பஞ்சம் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மனிதருக்கு அந்த ஜெயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா வந்திருக்கிறார்களா என்று கேட்டார். ஆம்ப்ரோஸ் கையைக் காட்டினார். நாற்பது தலையும் திரும்பியது. சீனிவாசராகவன் வரிசைகளுக்கு நடுவே நடந்து போய்க் கை கூப்பினார். மன்னிச்சுக்கங்கம்மா, பேசுறப்போ மனுஷங்கன்னு தோணாம போயிடுது, என்றார்.

மௌரீன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தபடியே சொன்னாள்: “பரவால்ல சார். எனக்கே அன்னிக்குத் தோணுச்சு, இந்த டெஸ்ட்ல நான் எப்படிடா பாஸானேன்னு.”

மறுபடி சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்பு வேறு. கிஷோர் மட்டும் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மாதக்கணக்கில் கட்டிய தியரி போயிற்று. கடைசியில் மைக்கை வாங்கி, யாரையோ பாக்குறாருன்னு நான் சொன்னது சரிதானே சார், என்று மெதுவாகக் கேட்டான். சீனிவாசராகவன், அது சரிதான் தம்பி, அதுல நீதான் ஜெயிச்சே, என்று அவன் தோளைத் தட்டினார்.

படியில் இறங்கும்போது அனன்யா பின்னாலேயே வந்தாள். கோபப்படவில்லை. எழுதுகிறவர்களிடம் பேசிப் பார்க்கிறேன், ஆனால் அங்கிள், இனிமேல் அது கஷ்டம் என்றாள். தெரியும்மா என்றார் ஆம்ப்ரோஸ். கூட்டத்தில் நிற்கவும் முகம் இல்லை, முன்னால் நிற்கவும் வேஷம் இல்லை. நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரு முனைப் பேக்கரியில் மசாலா பன் மணத்தது. மௌரீனின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டார். திரும்பினார். மௌரீன் பேக்கரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு அடிகூட எடுத்து வைத்திருக்கவில்லை.

அவர் திரும்பி நடந்து அவளிடம் வந்தார். கால் வலிக்கிறதா, ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டார்.

“அத்தனை பேரும் அத்தனை கேள்வி கேட்டாங்க. ஒருத்தரும் இதைக் கேக்கல” என்றாள். “முப்பது வருஷமா திரும்பாத மனுஷன், அன்னிக்கு மட்டும் ஏன் திரும்புனீங்க?”

ஆம்ப்ரோஸ் பேக்கரிக் கண்ணாடியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். கடைசியில் அவள் காலைப் பார்த்துச் சொன்னார்.

“அன்னிக்குத் துணி ஷூ கொடுத்துட்டாங்க இல்ல. உன் செருப்புச் சத்தம் கேக்கல.”

மௌரீன் அவரையே பார்த்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு என்று இத்தனை வருஷம் போன தெருவெல்லாம் அவளுக்கு ஒருசேர ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“இப்பவும் அதான் நின்னீங்களா?”

“ஆமா. சத்தம் வரல.”

“சரி, நடங்க. பஸ் போயிடப்போகுது” என்றாள்.

அவர் முன்னால் நடந்தார். திரும்பவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே.